சிசுவின் நாக்குக் கட்டு: எப்போது கவலை, எப்போது கத்தரி?

(நமது சங்கக் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடையில் வழக்கமாக மூட்டு வலி, சர்க்கரை வியாதி, பென்ஷன் என்று நம் வயசுக்கேற்ற விஷயங்களைத்தான் பேசுவோம். இன்று பிறந்து பத்து நாளான சிசுவின் நாக்கைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் காரியதரிசி சற்றே யோசித்தார். காரணத்தைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். நம் பிள்ளைகளும் பெண்களும் புனே, பெங்களூர், ஹைதராபாத், டில்லி என்று ஊர் ஊராக இருக்கிறார்கள். பிரசவம் என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேறிப் போகிறவர்கள் நாம்தான். அந்த முதல் மூன்று மாதங்களில், தூக்கமில்லாமல் தவிக்கும் தாயின் பக்கத்தில் நின்று யோசனை சொல்கிறவர்களும் நாம்தான். ஆகவே இந்த விஷயத்தில் நமக்குத் தெளிவு இருந்தால் தாய்க்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது.

நான் வைத்தியன் அல்ல. விலங்கியலில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு மத்திய அரசு உத்தியோகத்தில் சேர்ந்து, ஃபைல்களோடு காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன். நீளமான அறிக்கைகளைப் பொறுமையாகப் படிப்பது உத்தியோகம் தந்த பழக்கம். அப்படிப் படித்ததையும், எங்கள் வீட்டில் கண்ணால் பார்த்ததையும் வைத்துப் பேசுகிறேன். டாக்டரிடம் போகுமுன் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் இவை. டாக்டர் சொல்வதற்கு மாற்றாக யாரும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

அது என்ன கட்டு?

வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே தூக்கிப் பாருங்கள். நாக்கின் அடிப்புறத்தையும் வாயின் தரைப்பகுதியையும் இணைத்து நடுவில் மெல்லிய சவ்வு மடிப்பு ஒன்று தெரியும். அது எல்லோருக்கும் உண்டு. தனியாக ஒரு கயிறு மாதிரி அது தொங்குகிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். வாயின் தரையில் விரிந்திருக்கும் திசுப் படலமே, நாக்கைத் தூக்கும்போது மடிப்பாக எழும்புகிறது என்று 2019ல் நியூஸிலாந்து ஆய்வாளர்கள் உடற்கூறு முறையில் விளக்கினார்கள். ஒருவருக்கு அது மெல்லியதாக இருக்கும், ஒருவருக்குத் தடிப்பாக இருக்கும். ஒருவருக்குப் பின்னால் ஆரம்பிக்கும், இன்னொருவருக்கு நாக்கின் நுனி வரை வந்திருக்கும். மூக்கும் காதும் ஆளுக்கு ஆள் வேறுபடுவது போலத்தான் இதுவும்.

இந்த மடிப்பு குட்டையாகவோ இறுக்கமாகவோ இருந்து, நாக்கைத் தூக்கவும் நீட்டவும் விடாமல் பிடித்துக்கொண்டால் அதை 'டங் டை' என்கிறார்கள். நாம் நாக்குக் கட்டு என்று வைத்துக்கொள்வோம். அழும்போது நாக்கின் நுனி இதய வடிவில் நடுவே பள்ளமாகத் தெரிவது இதன் ஓர் அடையாளம். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், 100 சிசுக்களில் ஏறத்தாழ 4 முதல் 10 பேருக்கு இருக்கலாம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம். சில குடும்பங்களில் தலைமுறையாக வருவதும் உண்டு.

பால் குடிப்பதில் நாக்குக்கு என்ன வேலை என்று தெரிந்தால் மீதி எல்லாம் சுலபமாக விளங்கும். குழந்தை வாயை அகலத் திறந்து, காம்பை மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்க்குள் வாங்க வேண்டும். நாக்கு கீழ் ஈறைத் தாண்டி முன்னே வந்து அடியில் ஏந்திக்கொள்ள வேண்டும். பிறகு நாக்கின் நடுப்பகுதி கீழே இறங்கும்போது வாய்க்குள் ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அந்த இழுப்பில்தான் பால் வருகிறது. இதை அல்ட்ராசவுண்ட் படம் மூலம் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். நாக்கு முன்னே வர முடியாவிட்டால் குழந்தை காம்பை ஈறால் நசுக்கும். தாய்க்கு உயிர் போகிற வலி, குழந்தைக்கு வயிறு நிறையாத பால்.

கட்டு இருந்தாலே கோளாறா?

இல்லை. இதுதான் இன்று நான் சொல்ல வந்ததன் மையம். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2024ல் வெளியிட்ட அறிக்கையில், நாக்குக் கட்டின் அடையாளங்கள் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே தாய்ப்பால் குடிப்பதில் சிரமம் ஏற்படுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவை எந்தத் தகராறும் இல்லாமல் குடித்து வளர்கின்றன. ஆகவே வாயைத் திறந்து பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு கட்டக் கூடாது. குழந்தை பால் குடிப்பதைப் பார்க்க வேண்டும், எடையைப் பார்க்க வேண்டும், தாயிடம் வலியைப் பற்றிக் கேட்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை. பால் கொடுக்கும் நேரம் முழுவதும் தாய்க்கு வலி, காம்பில் வெடிப்பு, குழந்தை விட்ட பிறகு காம்பு ஒரு பக்கம் சப்பிப்போய், லிப்ஸ்டிக் முனைபோலச் சாய்வாக இருப்பது. குழந்தை அடிக்கடி நழுவிப்போவது, குடிக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் வருவது, ஒரு மணி நேரம் குடித்தும் திருப்தியில்லாமல் அழுவது. எல்லாவற்றுக்கும் மேலாக எடை. பிறந்த முதல் வாரத்தில் 100க்கு 7 முதல் 10 வரை எடை குறைவது சகஜம். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு நாளொன்றுக்கு சுமார் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். ஐந்து நாளைக்குப் பிறகு தினம் ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும்.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் நிலை சரியில்லாமல் இருக்கலாம். குறைமாதக் குழந்தையாக இருக்கலாம். மூக்கடைப்பு இருக்கலாம். வெளியில் தெரியாமல் அண்ணத்தில் பிளவுகூட இருக்கலாம். நாக்கைப் பார்க்கும் டாக்டர் அண்ணத்தையும் அவசியம் பார்க்க வேண்டும்.

உதட்டுக் கட்டும் கன்னக் கட்டும்

மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மடிப்பு ஒன்றும் இருக்கிறது. பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோருக்கும் அது நன்றாகவே தெரியும். 'லிப் டை' என்று பெயர் வைத்து அதையும் வெட்ட வேண்டும் என்று சில இடங்களில் சொல்கிறார்கள். மேலுதட்டு மடிப்பை வெட்டினால் பால் குடிப்பது சீராகும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அதே 2024 அறிக்கை சொல்கிறது. கன்னத்தின் உட்புற மடிப்புக்கும் இதே கதிதான். நாக்கின் பின்பகுதியில் மறைந்திருப்பதாகச் சொல்லும் 'பின் கட்டு' என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட இலக்கணமே கிடையாது.

"முன்பல்லில் சந்து விழுமே" என்று ஒரு மாமி கேட்டார். பால் பல்லில் சந்து இருப்பது சகஜம். நிலையான பற்கள் முளைக்கும்போதும் முதலில் சந்து தெரியும். 11, 12 வயசில் கோரைப்பற்கள் இறங்கி வரும்போது பெரும்பாலும் தானே கூடிவிடும். கூடாவிட்டால் அப்போது பல் சீரமைப்பு டாக்டர் பார்த்துக்கொள்வார். அதற்காக மூன்று வாரக் குழந்தையின் உதட்டில் கை வைக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது

2023ல் புனேயில் என் இளைய பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த எடை 2.9 கிலோ. மூன்று வாரம் ஆகியும் 2.85 கிலோவிலேயே நின்றது. பால் கொடுக்க உட்கார்ந்தாலே என் பெண்ணின் கண்ணில் ஜலம் வந்துவிடும். வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு, நாக்கு புரளும்" என்றார் ஒருவர். "உனக்குப் பால் போதவில்லை, டப்பா பால் கொடுத்துவிடு" என்றார் இன்னொருவர். இந்த இரண்டாவது வார்த்தை அவளை எப்படிக் குத்தியது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

முதலில் போன ஒரு கிளினிக்கில் குழந்தை பால் குடிப்பதைப் பார்க்கவே இல்லை. வாயைத் திறந்து ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிட்டு, நாக்கு, உதடு, இரண்டு கன்னம் என்று நாலு இடத்தில் இந்த வாரமே லேசர் செய்ய வேண்டும் என்று கட்டணச் சீட்டைக் கொடுத்தார்கள். என் பெண் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வேறொரு குழந்தை டாக்டரிடம் போனாள். அங்கே தாய்ப்பால் ஊட்டுவதில் பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு வேளைப் பால் கொடுப்பதைப் பார்த்தார். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், மூக்கு காம்புக்கு நேராக வர வேண்டும், வாயை அகலத் திறக்கும் வரை காத்திருந்து அணைக்க வேண்டும், முகவாய் மார்பில் படிய வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். வலி பாதியாகக் குறைந்தது. இடையில் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டச் சொன்னார். நம் பாட்டிமார்களின் பாலாடைதான்! இன்று நாடெங்கும் சிசுப் பராமரிப்புப் பிரிவுகளில் அதை உபயோகிக்கிறார்கள். பாட்டிலைவிடக் கழுவிக் காய்ச்சிச் சுத்தம் செய்வது சுலபம்.

ஐந்து நாள் கழித்துப் பார்த்தபோது நிலை சரியாக இருந்தும் குழந்தை நழுவிக்கொண்டே இருந்தது. நாக்கு கீழ் ஈறைத் தாண்டவில்லை. அப்போதுதான் டாக்டர், "இனி வெட்டிவிடலாம், நாக்கை மட்டும்" என்றார். உதட்டையும் கன்னத்தையும் தொடவில்லை. அதன் பிறகு ஒரு வாரத்தில் எடை ஏற ஆரம்பித்தது. மொத்தத்தில் அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல நர்ஸும் ஒரு சிறு கத்தரியும்.

வெட்டுவது எப்படி?

சில மாதங்களுக்கு உட்பட்ட சிசுவுக்கு மயக்க மருந்து தேவையில்லை. துணியில் சுற்றி, தலையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, டாக்டர் நாக்கைத் தூக்கி, முனை மழுங்கிய கத்தரியால் அந்த மெல்லிய சவ்வை மட்டும் நறுக்குகிறார். சில விநாடி வேலை. இரண்டு மூன்று சொட்டு ரத்தம் வரும். துணியால் அழுத்திவிட்டு உடனே தாயிடம் கொடுத்துப் பால் குடிக்க வைப்பார்கள். அதுவே குழந்தைக்குச் சமாதானம். நாக்கின் அடியில் சில நாள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் தெரியும். அது புண் ஆறுவதன் அடையாளம், சீழ் என்று பயந்து சுரண்டிவிடக் கூடாது.

சின்ன வேலைதான் என்றாலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ரத்தம் நிற்காமல் போகலாம், கிருமி தொற்றலாம், பக்கத்திலுள்ள உமிழ்நீர்க் குழாய் வாயில் காயம் படலாம், வலியில் குழந்தை சில வேளை பால் குடிக்க மறுக்கலாம். ஆகவே பிறந்தவுடன் போட வேண்டிய வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறையாத வியாதி இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது தகவல் தாத்தா பாட்டிகளுக்குத்தான் தெரிந்திருக்கும்.

கத்தரியைவிட லேசர் மேல் என்று நிரூபணமாகவில்லை. வெட்டிய பிறகு தினம் பல தடவை விரலால் புண்ணை இழுத்துவிடும் 'பயிற்சி'யையும் அமெரிக்க அகாதமி சிபாரிசு செய்யவில்லை. அதனால் குழந்தை வாயில் எதையும் வாங்கவே பயப்படக்கூடும்.

பலன் எவ்வளவு? 2017ல் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, 302 குழந்தைகள் அடங்கிய 5 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. வெட்டியதால் தாயின் வலி உடனடியாகக் குறைந்தது. குழந்தை பால் குடிக்கும் திறன் எல்லோருக்கும் ஒரே மாதிரி கூடியதாகக் காட்ட முடியவில்லை. எனவே வலிக்கு நல்ல வைத்தியம். எல்லாப் பிரச்னைக்கும் மருந்து என்று எதிர்பார்க்கக் கூடாது.

இத்தனை பரபரப்பு ஏன்? ஒரு காலத்தில் மருத்துவச்சிகள் இதை நகத்தாலேயே கீறிவிடுவார்கள் என்று ஐரோப்பியச் சரித்திரத்தில் படிக்கிறோம். பிறகு பாட்டில் பால் பரவியதும் மேல்நாட்டில் இதை மறந்தே போனார்கள். தாய்ப்பாலின் மகிமை மீண்டும் உணரப்பட்டதும் கவனம் திரும்பியது. அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளின்படி 1997ல் 3,934 சிசுக்களுக்கு நாக்குக் கட்டு என்று எழுதினார்கள். 2012ல் அது 32,837. பதினைந்து வருஷத்தில் குழந்தைகளின் நாக்கு மாறிவிடவில்லை. பார்க்கிறவர்களின் கண்தான் மாறியது. உண்மையாகவே தவித்த பலருக்கு உதவி கிடைத்தது, அவசியமில்லாத பலருக்கும் கத்தரி விழுந்தது. இன்று நம் பெருநகரங்களிலும் இந்த இரண்டையும் பார்க்கிறோம்.

பேச்சு வராதா?

நம் வீடுகளில் இதுதான் பெரிய பயம். நாக்குக் கட்டு பேச்சு வருவதைத் தாமதப்படுத்துவதில்லை. நுனி நாக்கை மேலே கொண்டுபோக வேண்டிய சில எழுத்துக்களின் உச்சரிப்பு, கட்டு கடுமையாக உள்ள சிலருக்குத் தெளிவில்லாமல் இருக்கலாம். பெரும்பாலான குழந்தைகள் தாமே பழகிக்கொள்கிறார்கள். பேச்சுக் கோளாறு வரலாம் என்ற பயத்தால் மட்டும் சிசுவுக்கு வெட்ட வேண்டியதில்லை. பேசும் வயசில் உச்சரிப்புத் தொந்தரவு இருந்தால் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்து முடிவு செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒன்றரை, இரண்டு வயசாகியும் குழந்தை பேசவில்லை என்றால், "நாக்குக் கட்டுதான், சரியாகிவிடும்" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். கேட்காத குழந்தை பேசாது. அதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். நாக்கைச் சுட்டிக்காட்டிக் காதைக் கோட்டைவிடுவது வெட்டாமல் விடுவதைவிடப் பெரிய ஆபத்து.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, "உனக்குப் பால் இல்லை" என்ற வார்த்தையை வாயிலிருந்து எடுத்துவிடுவோம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 100க்கு சுமார் 64 பேர்தான் தாய்ப்பால் மட்டும் குடிக்கிறார்கள். டப்பா பாலுக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது என்று 1992லேயே சட்டம் போட்டிருக்கிறோம். அந்த விளம்பரத்தை வீட்டுப் பெரியவர்கள் இலவசமாகச் செய்ய வேண்டாம். டாக்டரே எடைக்காக வெளிப் பால் கொடுக்கச் சொன்னால் அது வேறு விஷயம். அப்போது தாயைக் குற்றவாளியாக்காமல் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, வசம்பு, தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் நாக்குக் கட்டை அவிழ்க்காது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துக்கள் சிசுவுக்கு ஆபத்து. ஒரு வயசு வரை தேனே கூடாது.

மூன்றாவது, தாய் வலி என்று சொன்னால் நம்புவோம். "நாங்கள் எல்லாம் பொறுத்துக்கொள்ளவில்லையா" என்று சொல்லாமல், முதல் வாரத்திலேயே பால் ஊட்டுவதில் தேர்ந்த நர்ஸிடமோ குழந்தை டாக்டரிடமோ அழைத்துப் போவோம். எடை ஏறாவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

நான்காவது, வெட்ட வேண்டும் என்று சொன்னால் நாலு கேள்வி கேட்போம். குழந்தை பால் குடிப்பதைப் பார்த்தீர்களா? பிடிக்கும் நிலையைச் சரிசெய்து பார்த்தாயிற்றா? எந்த மடிப்பை, எதற்காக வெட்டுகிறீர்கள்? வெட்டிய பிறகு எடையையும் பால் குடிப்பதையும் யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சரியான பதில் கிடைத்தால், "பச்சைக் குழந்தைக்குக் கத்தரியா" என்று நாம் குறுக்கே நிற்கவும் கூடாது.

கடைசியாக, இரவு இரண்டு மணிப் பாலுக்குத் தாய் எழும்போது நாமும் எழுந்து, குழந்தையை வாங்கி ஏப்பம் விட வைத்தால், அவளுக்கு அரை மணி தூக்கம் கூடுதலாகக் கிடைக்கும். இந்த வைத்தியத்துக்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. ஆண்களும் செய்யலாம்.

 பேரன் பேத்திகள் க்ஷேமமாக வளரட்டும்.